நாந்தான வரச் சொன்னேன்

சித்தி மகன் இறந்து 16ஆம் நாள். காரியம் முடிந்து கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. சித்தி உள்ளறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோய்ச் செம்போடு நிலைப்படியில் நின்றேன். பெரியப்பா அவள் எதிரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவரைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பதினாறு நாளும் பந்தலில் ஆரம்பித்துப் போலீஸ் ஸ்டேஷன் காகிதம் வரை அலைந்தவர் அவர்தான். ஓய்வு பெற்ற வாத்தியார், நல்ல மனிதர். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “இதோ பாரும்மா, புத்தரே சொல்லியிருக்காரு. ஆசையே துன்பத்துக்குக் காரணம். மனசத் தேத்திக்க.”

சித்தி நிமிர்ந்து பார்த்தாள். “ஆமா அத்தான். எனக்குத்தான் ஆசை. நாந்தான வரச் சொன்னேன்” என்றாள்.

அவன் மதுரையில் வேலை பார்த்தான். சங்கரன்கோவில் பக்கம் எங்கள் ஊரில் செவ்வாய்க்கிழமை அம்மன் கோயில் கொடைத் திருவிழா. செவ்வாய் காலையில் பஸ் பிடித்து வருகிறேன் என்றிருந்தான். “திங்கட்கிழமை ராத்திரியே புறப்பட்டு வந்துரு, அலங்காரம் பாக்கலாம்” என்று சித்தி போனில் சொன்னாள். அவன் நண்பனின் பைக்கை எடுத்துக்கொண்டு புறப்பட்டான். வழியில் விளக்கில்லாமல் நின்ற லாரி. அவ்வளவுதான்.

பெரியப்பாவுக்கு இந்த போன் விஷயம் தெரியாது. எனக்குத் தெரியும். ஆறுதலாகச் சொல்லப்பட்ட ஒரு வாக்கியம் சித்தி மடியில் போய் விழும்போது தீர்ப்பாக மாறியதை நான் கண்ணால் பார்த்தேன். ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். செம்பை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அந்த வாக்கியம் அதற்குப் பிறகு என்னை விடவில்லை. “ஆசையே துன்பத்திற்குக் காரணம் என்று கூறியவர் யார்?” பள்ளியில் ஒரு மார்க் கேள்வி. எல்லோரும் எழுதியிருப்போம், எல்லோருக்கும் அந்த ஒரு மார்க் கிடைத்திருக்கும். ஆட்டோ முதுகில் எழுதியிருக்கிறார்கள். கடன்காரன் வந்து நின்றால் சொல்கிறோம், சீட்டுக் கம்பெனியில் பணத்தை விட்டவனிடம் சொல்கிறோம், காதல் தோற்றவனிடம் சொல்கிறோம். யோசித்துப் பார்த்தால் பெரும்பாலும் அடிபட்டவனைப் பார்த்துத்தான் சொல்கிறோம், அதுவும் கொஞ்சம் குத்தலாக. “உனக்கு எதுக்கு அந்தப் பேராசை” என்பதற்குக் கௌரவமான மாற்று வாக்கியமாகவே அது நம்மிடம் புழங்குகிறது. புத்தர் இதைத்தான் சொன்னாரா? சொல்லியிருந்தால் எனக்கு அவர் வேண்டாம் என்று தோன்றியது. பெரியப்பா சொன்னது தப்பு என்று நிரூபிக்க வேண்டும் என்கிற வெறியில்தான் நான் படிக்கவே ஆரம்பித்தேன். ஞானம் தேடிப் போனேன் என்று சொன்னால் அது பொய்.

வேட்கை என்ற சொல்

முதலில் எனக்கு வசதியான ஆதாரங்கள்தான் கிடைத்தன. பாலி மொழியில் புத்தர் சொன்ன சொல் தண்ஹா. அதற்கு நேர்ப் பொருள் தாகம். நாம் அதை ஆசை என்று மாற்றிக்கொண்டோம். ஆசை என்றால் நகை வேண்டும், வீடு வேண்டும், மகன் ஊருக்கு வர வேண்டும் என்று எல்லாமே அதில் அடங்கிவிடும். தாகம் அப்படியில்லை. அது குடித்தாலும் திரும்ப வருவது. நம் சாத்தனார் இந்த விஷயத்தில் பள்ளிப் புத்தகத்தைவிட ஆயிரம் மடங்கு கவனமானவர். மணிமேகலையின் கடைசிக் காதையில் பௌத்தத்தின் பன்னிரண்டு சார்புகளையும், ஒன்றைச் சார்ந்து அடுத்தது பிறக்கும் அந்தச் சங்கிலியை, வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறார். பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு என்று போய், அடுத்து வருவது வேட்கை. நீர்வேட்கை என்றால் தண்ணீர்த் தாகம்தானே. தண்ஹாவுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல்லை யாராலும் கொடுத்துவிட முடியாது. அதற்கு விளக்கமும் தருகிறார்: “வேட்கை விரும்பி நுகர்ச்சி ஆராமை.” நுகர்ந்தும் நிறையாமல் இருப்பது. அதையடுத்து வரும் பற்றை “பசைஇய அறிவே” என்கிறார். பசை போட்டு ஒட்டிக்கொண்ட அறிவு. இந்த இரண்டு வார்த்தைக்காக அன்று ராத்திரி வெகுநேரம் தூங்காமல் இருந்தேன்.

அப்புறம் முதல் உபதேசம். காசிக்குப் பக்கத்தில் இசிபதனத்து மான் சோலையில் ஐந்து துறவிகளிடம் பேசியது. இன்றைய சாரநாத். துக்கம் எது என்று அங்கே ஒரு பட்டியல் இருக்கிறது. பிறப்பு, மூப்பு, சாவு, வேண்டாததோடு சேர்ந்திருப்பது, வேண்டியதைப் பிரிவது, விரும்பியது கிடைக்காமல் போவது. சுருக்கமாகச் சொன்னால் பற்றுக்கு இடமான ஐந்து கந்தங்களுமே, அதாவது மனிதன் என்று நாம் சொல்லும் உடலும் மனமும் சேர்ந்த ஐந்து தொகுதிகளுமே, துக்கம். “பியேஹி விப்பயோகோ துக்கோ” என்று வரும் அந்தத் துண்டு, பிரியமானவரைப் பிரிவது துக்கம் என்கிறது. துக்கம், அதன் காரணம், அதன் நிறுத்தம், அதற்கான வழி என்று புத்தர் சொன்ன வாய்மைகள் நான்கு. கவனிக்க, இது முதல் வாய்மையில் வருகிறது. ஆசையைப் பற்றிய பேச்சு இரண்டாவதில்தான். அதாவது சித்தியின் வலியை புத்தர் முதல் வாய்மைக்குள்ளேயே வைத்துவிட்டார். அதை எடுத்து இரண்டாவதில் போட்டவர்கள் நாம். ஒரு நோயாளி வலிக்கிறது என்றதும், வலிக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே “நீ என்ன தின்ன?” என்று கேட்கும் வைத்தியரைப் போல.

இன்னொன்றும் அகப்பட்டது. மோளிய சீவகன் என்ற ஒரு பரிவிராஜகன், ஊர் சுற்றும் துறவி, வந்து, மனிதன் அனுபவிப்பதெல்லாம் முன்செய்த வினையால்தான் என்கிறார்களே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று புத்தரிடம் கேட்கிறான். அவர் எட்டுக் காரணங்களைச் சொல்கிறார். பித்தத்தால் வரும் வேதனை உண்டு, சிலேத்துமத்தால் உண்டு, வாதத்தால் உண்டு, மூன்றும் கூடி வருவது உண்டு, பருவம் மாறுவதால் உண்டு, ஏறுமாறான பழக்கத்தால் உண்டு, வெளியிலிருந்து திடீரென்று வந்து விழும் அடியால் உண்டு, வினைப்பயனாலும் உண்டு. எட்டில் ஒன்றுதான் வினை. எல்லாமே வினை என்று சொல்கிறவர்கள் தங்களுக்குத் தெரிந்ததையும் உலகம் அறிந்ததையும் தாண்டிப் பேசுகிறார்கள் என்கிறார். விளக்கில்லாத லாரி ஏழாவது வகையில் வரும் என்று நான் எனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன். பெரியப்பாவுக்கு எதிரான கோப்பு பருமனாகிக்கொண்டே வந்தது.

இதில் ஒரு முரண் இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். தண்ஹாவைப் பற்றி அந்த முதல் உபதேசம் சொல்லும் முதல் அடையாளமே, மீண்டும் பிறக்க வைப்பது என்பதுதான். பிறந்தால் சாவு நிச்சயம். அந்தக் கணக்கில் வேட்கைதான் சாவுக்கும் காரணம். இன்றைக்கு மன அழுத்தத்துக்கு மருந்தாகப் பௌத்தத்தை விற்பவர்கள் இந்தப் பகுதியைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகிறார்கள். எனக்கும் தாண்டத்தான் ஆசை. ஆனால் அது அங்கேதான் இருக்கிறது. பிறந்த எல்லோருக்கும் பொதுவான ஒரு காரணத்தைத் திங்கட்கிழமை சாயங்காலம் ஒரு அம்மா செய்த போனோடு முடிச்சுப் போட முடியாது என்று மட்டும் எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கோபித்துக்கொண்டு போனவர்

இந்தக் கோப்பு முழுவதையும் கிழித்துப் போடுகிற மாதிரி ஒரு சுத்தம் வந்தது. சுத்தம் என்றால் பாலியில் புத்தரின் உரை. மஜ்ஜிம நிகாயம் என்ற உரைத் தொகுப்பில் 87ஆவது. பியஜாதிக சுத்தம்.

சாவத்தி நகரத்தில் ஒரு இல்லறத்தானுக்கு ஒரே மகன். அவன் செத்துப்போகிறான். அப்பனுக்கு வேலை ஓடவில்லை, சோறு இறங்கவில்லை. சுடுகாட்டுக்குப் போய் “என் ஒரே மகனே, எங்கே இருக்கிறாய்” என்று அழுதுகொண்டே இருக்கிறான். ஒருநாள் புத்தரிடம் வருகிறான். உன் முகமே சரியில்லையே என்று அவர் கேட்க, மகன் செத்ததைச் சொல்கிறான். அதற்கு புத்தர் சொல்லும் பதில் என்ன தெரியுமா? “அப்படித்தான். சோகமும் புலம்பலும் துக்கமும் பிரியத்திலிருந்துதான் பிறக்கின்றன.”

படித்ததும் எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த பெரியப்பா சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நான் யாரை வைத்துப் பெரியப்பாவைத் தோற்கடிக்க நினைத்தேனோ அவரே பெரியப்பா பக்கம் போய் நிற்கிறார்.

ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. அந்த அப்பன் இதை ஒத்துக்கொள்ளவில்லை. “யார் இப்படி நினைப்பார்கள்? பிரியமானவர்களிடமிருந்து சந்தோஷம்தானே வருகிறது” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறான். போகிற வழியில் கொஞ்சம் பேர் உட்கார்ந்து சூதாடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் நடந்ததைச் சொல்கிறான். “நீ சொல்றதுதான் சரி” என்கிறார்கள் அவர்கள். என் மனசும் சூதாடிகளின் மனசும் ஒன்றாக இருக்கிறது என்று திருப்தியோடு அவன் போய்விடுகிறான். அதன்பின் அவன் அந்தச் சுத்தத்தில் வரவே இல்லை. திரும்பி வந்து காலில் விழுந்தான், ஞானம் பெற்றான் என்றெல்லாம் எதுவும் கிடையாது. ஆசிரியருக்குப் பெருமை சேர்க்காத இந்த இடத்தை அந்தப் பிக்குகள் அழிக்காமல் மனப்பாடம் செய்து கடத்தியிருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். என்னுடைய விருப்பத்துக்கு விட்டால் அந்தச் சூதாடிகளையும் கும்பிட்டுக்கொள்வேன். துக்கத்தில் இருந்தவனை அன்றைக்குத் தாங்கியவர்கள் அவர்கள்தான்.

மிச்சக் கதை அரண்மனையில் நடக்கிறது. இந்தப் பேச்சு அந்த நாட்டு மன்னன் பசேனதி காதுக்குப் போகிறது. உன் குரு என்ன இப்படிச் சொல்லியிருக்கிறார் என்று மனைவி மல்லிகையிடம் கடுகடுக்கிறான். அவள் விசாரித்து உறுதிப்படுத்திக்கொண்டு, அவனிடம் வந்து உபதேசம் பண்ணாமல் கேள்வி கேட்கிறாள். “மகள் வஜிரி உங்களுக்குப் பிரியமா?” ஆமாம் என்கிறான். “அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் உங்களுக்கு வருத்தம் வருமா?” என் உயிரே ஆடிப்போகுமே என்கிறான். இன்னும் சிலரைச் சொல்லி அதே கேள்வியைக் கேட்கிறாள். அவனுக்குப் புரிந்துவிடுகிறது. அதே சேதிதான். ஒருவனிடம் பலிக்கவில்லை, இன்னொருவனிடம் பலித்தது. பலித்தவனுடைய மகள் அப்போது உயிரோடு பக்கத்து அறையில் விளையாடிக்கொண்டிருந்திருக்கலாம். இழந்தவனிடம் சொன்னால் ஏறாத ஒன்று, இழக்காதவனிடம் சொன்னால் ஏறுகிறது. அப்படியென்றால் இழந்தவர்களுக்கு என்னதான் வழி?

ஆயிரம் கோட்டம்

கடுகு வாங்கப் போன கிசா கோதமி கதையை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். சாவு விழாத வீடு தேடி அவள் வாசல் வாசலாக ஏறி இறங்கிய அந்தக் கதையை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஆனால் மணிமேகலையிலும் ஒரு கோதமை இருக்கிறாள். சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில். புகார் நகரத்துச் சுடுகாட்டுப் பக்கம் தனியாக வந்த அவள் மகன் சார்ங்கலன், பேய் ஒன்று ஆடுவதைப் பார்த்து, பயந்து ஓடி வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டுச் செத்துப்போகிறான். அவள் பிள்ளையை அணைத்துத் தூக்கிக்கொண்டு கோட்டை வாசலுக்கு வந்து, ஊரைக் காக்கும் சம்பாபதித் தெய்வத்தைக் கூப்பிட்டு நியாயம் கேட்கிறாள். தெய்வம் வந்து என்ன சொல்கிறது? பேய் உயிரைத் தின்னவில்லை, ஊழ்வினை தின்றது, “மாபெருந் துன்பம் நீ ஒழிவாய்” என்கிறது. பெரியப்பா சொன்ன மாதிரி ஆறுதல்தான். கோதமை அதைச் சட்டை செய்யவில்லை. என் உயிரை எடுத்துக்கொண்டு அவன் உயிரைக் கொடு, கண் தெரியாத என் கணவனை அவன் பார்த்துக்கொள்வான் என்று பேரம் பேசுகிறாள். அது முடியாது, முடியுமானால் அரசர்களுக்காக உயிர் கொடுக்க ஆளா இல்லை, இதோ இந்தச் சுடுகாட்டிலேயே “அரசர்க்கு அமைந்தன ஆயிரம் கோட்டம்”, செத்த அரசர்களுக்கு எழுப்பிய ஆயிரம் சமாதிக் கோயில்கள், என்கிறது தெய்வம். அதற்கும் அவள் மசியவில்லை. தேவர்கள் வரம் தருவார்கள் என்று வேதத்தில் இருக்கிறதே என்கிறாள். கடைசியில் சம்பாபதி சக்கரவாளத்தில், அதாவது இந்த உலக மண்டலம் முழுக்க, உள்ள தேவர்கள் அத்தனை பேரையும் அங்கே வரவழைத்துவிடுகிறது. எல்லோரும் வந்து நிற்கிறார்கள், எல்லோரும் அதையே சொல்கிறார்கள். அதன் பிறகுதான் அவள் மகனை ஈமத்தில் இடுகிறாள். பிறகு தானும் இறந்துபோகிறாள். சாத்தனார் அதைப் பெரிதுபடுத்தாமல் ஒரு சொல்லில் கடந்துவிடுகிறார்.

இந்த இடத்தைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான், மறந்தே போயிருந்த ஒன்று ஞாபகத்துக்கு வந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம். துட்டி கேட்கப் பக்கத்து ஊர்ப் பெண்கள் ஒரு வேன் நிறைய வந்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வாசலுக்கு வரும் வரை சாதாரணமாகப் பேசிக்கொண்டு வருவார்கள், படியேறும்போதே தலைமுடியை அவிழ்த்துவிட்டு, உள்ளே இருக்கும் பெண்களின் தோளைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். அவர்களில் ஒரு அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். சித்தியைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தவள் நாலு வரியில் எங்கள் பையனை விட்டுவிட்டுத் தன் மகளைச் சொல்லி அழத் தொடங்கினாள். பாம்பு கடித்துச் செத்த ஒன்பது வயது மகள். எனக்குக் கோபம் வந்தது. வந்த இடத்தில் தன் கதையை விரிக்கிறாளே என்று பெரியப்பாவிடம் முணுமுணுத்தேன். அவரும் தலையை ஆட்டினார். எழவு வீட்டில் அவளவள் தன் துக்கத்தைத்தான் அழுவாள் என்பது ஊரறிந்த கேலிதானே.

ஆனால் சித்தி அழுகையை நிறுத்தியிருந்தாள். மூன்று நாளில் அதுதான் முதல் தடவை. “எத்தன வருசமாச்சுக்கா?” என்று கேட்டாள்.

“இருபத்திரெண்டு.”

“இன்னுமா அழுறீக?”

“எங்க வீட்ல அழுதா வைவாக. இப்படி எங்கயாவது துட்டின்னா வந்து அழுதுட்டுப் போவேன்” என்றாள் அந்த அம்மா. சித்தி தன் முந்தானையை இழுத்து அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். அப்புறம் இரண்டு பேரும் திரும்ப அழுதார்கள். இந்தத் தடவை யார் பிள்ளைக்கு யார் அழுதார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

சாவத்தியில் கோதமி வீடு வீடாகப் போனாள். புகாரில் தெய்வம் சக்கரவாளத்தையே வரவழைத்தது. எங்கள் ஊரில் வேன் வைத்துக்கொண்டு வீடுகளே வந்து இறங்கின. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு சாவு. யாரும் சித்தியிடம் எதையும் விளக்கவில்லை. கடைசிப் பந்தி நேரத்து அந்த வாக்கியத்துக்குப் பதில் பதிமூன்று நாளுக்கு முன்பே என் கண் முன்னால் நடந்திருக்கிறது. எனக்குத்தான் அதைப் பார்த்து எரிச்சல் வந்தது.

பெரியப்பாவின் மேல் இருந்த கோபமும் அதோடு கொஞ்சம் தளர்ந்தது. ஆண்கள் நாங்கள் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு அழ ஒரு வட்டம் கிடையாது, வாக்கியங்கள்தான் உண்டு. அவர் கையில் இருந்த ஒன்றே ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நான் அதுகூடக் கொடுக்கவில்லை.

அறிய வேண்டியது

நான்கு வாய்மைகளுக்கும் நான்கு வேலைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. காரணத்தை விட வேண்டும், நிறுத்தத்தைக் கண்டடைய வேண்டும், வழியைப் பழக வேண்டும். துக்கத்துக்கு மட்டும் ‘பரிஞ்ஞேய்ய’ என்று வருகிறது. முழுக்க அறிய வேண்டியது. அதை ஒழிக்க வேண்டும் என்றோ மறக்க வேண்டும் என்றோ அங்கே இல்லை. நாங்கள் அந்த வருஷம் முழுக்க சித்தியிடம் நேர்மாறாகத்தான் நடந்துகொண்டோம். அவள் “நாந்தான வரச் சொன்னேன்” என்று எப்போதெல்லாம் ஆரம்பிக்கிறாளோ அப்போதெல்லாம் யாராவது ஒருவர் பாய்ந்து வாயை அடைப்போம். “அப்படியெல்லாம் பேசாதீங்க”, “அவன் எப்படியும் வந்திருப்பான்”, “லாரிக்காரன் பண்ணின தப்புக்கு நீங்க என்ன செய்வீங்க.” எல்லாமே நியாயமான வார்த்தைகள். ஆனால் அவள் சொன்னது நடந்த விஷயம். அவள்தான் வரச் சொன்னாள். நடந்ததை நடக்கவில்லை என்று அவளைச் சொல்ல வைக்கத்தான் நாங்கள் எல்லோரும் முயன்றுகொண்டிருந்தோம். வேட்கை என்றால் அதுவும்தான். அவளுடையது இல்லை, எங்களுடையது.

வருஷம் திரும்பிக் கொடை வந்தது. எங்கள் வீட்டில் அந்தத் தடவை கோயில் வரி மட்டும் கொடுத்தோம். திங்கட்கிழமை மத்தியானம் போயிருந்தேன். சித்தி திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தூரத்தில் மைக் செட் கட்டி, பாட்டுப் போட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தேன். வெகுநேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

“நாந்தான வரச் சொன்னேன்” என்றாள்.

“ஆமா சித்தி. நீங்கதான் வரச் சொன்னீங்க” என்றேன்.

அவள் கை நின்றது. என்னைப் பார்த்தாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று. அவள் மறுபடியும் கீரையைக் கையில் எடுத்தாள்.

“அவனுக்கும் கொடைன்னா உசுரு” என்றாள். அப்புறம், “அந்தச் சொளவ இங்கிட்டுத் தள்ளு, எல்லாம் கீழ கொட்டுது” என்றாள்.